முதுகில் கோடில்லாத அணில்

பழைய மாணவர் குழுவில் போன வாரம் வந்த செய்தியை நானும் படித்தேன். நம் தோட்டப் பள்ளிக்கு நினைவு மலர் போடுகிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், வாத்தியாரைப் பற்றி நல்லதாக நாலு வரி வரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். பூப் படமும் கும்பிடும் கையும் போட்டுப் பலபேர் சரி சொல்லிவிட்டீர்கள். நான் பதில் போடவில்லை. நமக்கெல்லாம் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. இந்த வயதில் யாருக்குப் பயந்து எதை மூடிவைப்பது? நான் எழுதுவது இதுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. வெட்டாமல் போடுவதாக இருந்தால் போடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் எனக்கு வேண்டாம், என் பக்கத்தில் ஏதாவது விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் நம் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரம் இலை கொட்டுமே, அந்தக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தோட்ட மேனேஜர் தொரை அதை ‘விண்டர்’ என்பார். பனி பெய்யாத நாட்டில் அது என்ன விண்டர் என்று கணக்கெழுதுகிற கிராணி வீட்டு ஆள்கள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் தொரை சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. இலையெல்லாம் முதலில் செம்பு நிறமாகும். பிறகு ஒரு காற்றுக்குக் காத்திருந்ததுபோல் மொத்தமாக விழும். நடந்தால் காலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்து வாசலில் நின்றால், ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைக்கூடத்து ஓடு வரைக்கும் தெரியும். மற்ற மாதங்களில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. நிழல் என்பதே இல்லாமல் போய்விடும். தகரக்கூரை பகல் முழுக்கக் கொதிக்கும். பால் குறைந்துவிடுவதால் அப்பாவை வாய்க்கால் வெட்ட அனுப்புவார்கள். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் தோட்டம் முழுவதிலும் பச்சையாக இருந்தது ஒரே இடம். நமக்குத் தோட்டம் என்றால் எஸ்டேட்தான். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த காய்கறித் தோட்டத்தைக் ‘கெபுன்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வதுபோலவே சொல்வோம். ஒரு காலத்தில் அதற்குப் போட்டியில் கோப்பை கிடைத்ததாம். நாம் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வெண்டையும் கத்திரியும் செத்துப்போய், அவை இருந்த இடத்தில் செண்டுடுக் செடி ஊதாப் பூவோடு ஆளுயரம் வளர்ந்திருந்தது. ஒரு செர்ரி மரம், ஒரு ஜம்பு மரம், யாரும் வைக்காமல் தானாக முளைத்த பப்பாளி நாலைந்து, வேலியெல்லாம் செம்பருத்தி. நடுவில் தண்ணீர் பிடித்துவைக்கிற சிமெண்டுத் தொட்டி. அதன் ஒரு பக்கம் விரிசல் விட்டு, பாதிக்குமேல் தண்ணீர் நிற்காது. தகரப் பூவாளி ஒன்று அடி ஓட்டையாகி அதற்குள்ளேயே கிடந்தது.

மரமெல்லாம் மொட்டையாகி நின்றபோது இருக்கிற பறவை எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. என் இடம் சன்னலோரம். வகுப்பில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். எனக்குப் பறவைகளின் பெயர் தெரியாது, கேட்டாலும் சொல்ல ஆளில்லை. நானே பெயர் வைத்தேன். மஞ்சள் உடம்பும் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையுமாக ஒன்று வரும், அதற்கு ‘மைக்காரி’. செர்ரிப் பழத்தை முழுசாக விழுங்கிவிட்டு வாலடியில் மஞ்சள் தெரியக் கத்துகிற சாம்பல் குருவிக் கூட்டத்துக்குப் ‘பாசார்காரர்கள்’. காலையில் சந்தை கூடினது மாதிரி அவ்வளவு சத்தம். பச்சைப் புறா மட்டும் இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும், அசைந்தால்தான் தெரியும். தேன்சிட்டு செம்பருத்தியின் பின்பக்கத்தில் ஓட்டை போட்டுத் தேன் குடிப்பதை நான் பார்த்த அன்று, பூவுக்கே தெரியாமல் திருடுகிறதே என்று வாய்விட்டுச் சிரித்து ஒரு குட்டு வாங்கினேன்.

அப்புறம் அணில். இரண்டு இருந்தன. ஒன்றுக்கு வால் பாதியில் அறுந்திருந்தது. அது ஜம்புவைப் பறித்து, பின்னங்காலால் கிளையைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியே தின்னும். தின்றுகொண்டிருக்கும்போது பூனையைக் கண்டால் ‘சக், சக், சக்’ என்று கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் அந்த அரை வால் ஒருமுறை துள்ளும். தலைகீழாகத் தொங்குவதால் வயிறு எனக்கு நன்றாகத் தெரியும். மழையில் நனைந்த செம்மண் ரோட்டு நிறம். விலாவில் ஒரு வெள்ளைக் கோடு, ஒட்டினாற்போல் ஒரு கறுப்புக் கோடு. முதுகில் ஒன்றும் இல்லை. பழுப்பும் பச்சையும் கலந்த மங்கல் நிறம், அவ்வளவுதான்.

ஒரு நாள் கட்டுரை எழுதச் சொன்னார் வாத்தியார். அவர்தான் பள்ளிக்குத் தலைமை, ஐந்தும் ஆறும் ஒரே அறையில் அவரிடம்தான். கரும்பலகையில் தலைப்பை எழுதினார்: ‘நான் பார்த்த அணில்’.

நீங்கள் எல்லோரும் பாடப் புத்தகத்தில் இருந்ததை எழுதினீர்கள். அணில் ஒரு சிறிய பிராணி, அதன் முதுகில் மூன்று கோடுகள் உண்டு, ராமர் தடவிக்கொடுத்தார். நான் அரை வாலை எழுதினேன். தலைகீழாகத் தொங்குவதை எழுதினேன். முதுகில் கோடு இல்லை என்றும், விலாவில் பக்கத்துக்கு இரண்டு கோடு என்றும், வயிறு சிவப்பு என்றும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. என் வாழ்நாளில் அதுவரை அவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. நோட்டைக் கொடுத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நோட்டு திரும்பி வந்தபோது ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு. எழுந்து நிற்கச் சொன்னார்.

“அணிலுக்கு முதுகுல எத்தன கோடு?”

“இல்லீங்க சார்.”

“புஸ்தகத்துல என்னா போட்டிருக்கு?”

“மூணு போட்டிருக்கு சார். ஆனா நான் பாத்த அணிலுக்கு இல்ல.”

“புஸ்தகம் எழுதினவன் முட்டாளு, நீ புத்திசாலியா? கைய நீட்டு.”

ஒரே ஒரு அடிதான். பிரம்பின் நுனி கட்டைவிரல் எலும்பில் பட்டது. பிறகு உங்களைப் பார்த்து, யாராவது கோடில்லாத அணிலைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். உங்களில் முக்கால்வாசிப் பேர் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஜம்பு மரத்தடியில்தான் விளையாடினீர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒருவன் மட்டும், “அது அணில் இல்ல சார், துப்பாய்,” என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு, இப்போது தெரிகிறது. மரத்தில் ஓடுவதை நாம் வீட்டில் துப்பாய் என்றுதான் மலாயில் சொன்னோம். அணில் என்பது புத்தகத்துக்குள் மட்டும் இருந்த பிராணி. இரண்டும் ஒரே வகைதான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் தலைப்பு ‘நான் பார்த்த அணில்’. நான் பார்த்தது அதைத்தான்.

மூன்று கோடு என்று திருத்திப் பத்து முறை எழுதினால்தான் உள்ளே உட்காரலாம் என்றார். நான் எழுதவில்லை. வெளியே போய் நில் என்றார். வெளியே என்றால் பின்பக்க ஐந்தடி வராந்தா. எதிரே கெபுன்.

நான் தண்டனையில் வாடினேன் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. முதல் நாள் அழுதேன், அது உண்மை. இரண்டாம் நாளிலிருந்து சன்னல் கம்பி இல்லாமல் பார்க்கிறோம் என்பது புரிந்தது. தொட்டியில் குருவிகள் வரிசையாகக் குளிக்கும். பெரியது வந்தால் சின்னது விலகி நின்று, அது போனதும் மறுபடி இறங்கும். பூவாளியின் வாய்க்குள் ஒரு சின்னக் குருவி தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் தவித்தது. அணில்கள் என்னைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டன. அசையாமல் நின்றால் அரைவாலன் ஐந்தடித் தூணில் இறங்கி வந்து மூக்கை ஆட்டும். உள்ளேயிருந்து நீங்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். நானும் வெளியே நின்றபடி உங்களோடு சேர்ந்து சொல்வேன். பாடத்தை விடவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் உங்களில் இரண்டு பேர் வருவீர்கள். பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

“எழுதிட்டு உள்ள வா லா. கோடுதான? போட்டா என்னா இப்ப?”

“நீ பாத்தியா மூணு கோடு?”

“பாக்கல லா. யாரு பாத்தா?”

“அப்பறம் ஏன் எழுதின?”

“எல்லாரும் எழுதுனாங்க.”

ஒரு வாரம் கழித்து வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா வாய்க்கால் சேறு காலோடு வந்து வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வாத்தியார் பேசப் பேச, கையில் இருந்த தொப்பியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னை அடிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னார்.

“வாத்தியார எதுத்துப் பேசுதாம் ஒம் மக. பரீச்சையில இப்படி எழுதுனா டவுன் ஸ்கூலுக்கு எடுக்கமாட்டான்னு சொல்றாரு. போதும் இது படிச்சது. வர்ற வருசம் உன்கூடப் புல்லு வெட்ட வரட்டும்.”

புல்வெட்டு என்றால் தெரியுமல்லவா? அம்மா பதினான்கு வயதிலிருந்து அதுதான் செய்தாள். விடியற்காலை மண்வெட்டிச் சங்குலைக் கையில் எடுத்தால் வெயில் ஏறும்வரை குனிந்த முதுகு நிமிராது. அப்பா சொன்னது மிரட்டல் இல்லை. நம் லயத்துப் பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆறாம் வகுப்போடு நின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

அம்மாவுக்கும் முதலில் என்மேல்தான் கோபம்.

“ஒரு கோடு போட்டா செத்தா போயிருவ? மூணுன்னு சொன்னா மூணுன்னு எழுதிட்டு வாயேன்டி.”

“பாக்காதத எப்படிம்மா எழுதுறது?”

“பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு.”

அப்படித் திட்டிவிட்டு அரிசி களைந்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: “நெசமாவே கோடு இல்லியா?”

“பக்கத்துல இருக்கும்மா. முதுகுல இல்ல.”

அவள் அரிசியை உலையில் போட்டாள்.

மூன்றாவது வாரம் வாத்தியார் ஒரு காரியத்துக்காகப் பின்பக்கம் வந்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. அரைவாலன் தொட்டி விளிம்பில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, நனைந்த எலி மாதிரி ஏறி ஓடியது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பினால் அவர் நிற்கிறார். அவர் முகத்தில் நான் கண்டதை அப்போது கோபம் என்றுதான் நினைத்தேன். தண்டிக்கப்பட்ட பிள்ளை சிரிக்கிறாளே என்று அவர் அவமானப்பட்டிருக்கிறார்.

மறுநாள் காலை மணி அடித்ததும் ஆறாம் வகுப்புப் பையன்களிடம் பாராங் கத்தி கொடுத்தார். “கெபுன் காடா கெடக்கு. பாம்பு வரும். எல்லாத்தையும் வெட்டித் தள்ளுங்க.” பையன்களுக்குப் பாடம் இல்லை என்ற சந்தோஷம். அன்று ஆறில் இருந்த நீங்கள் செண்டுடுக்கை வெட்டினீர்கள், பப்பாளியை ஒரே வீச்சில் சாய்த்தீர்கள். ஜம்பு மரம் விழ அரை மணி நேரம் ஆனது. விழுந்தபோது மேல்கிளையிலிருந்து தேங்காய் நாரும் பஞ்சும் வைத்துக் கட்டின ஒரு கூடு உருண்டு வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒருவன் அதைப் பந்து மாதிரி உதைத்தான். குருவிகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. உட்கார வேறு பச்சை மரம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை.

செர்ரி மரத்துக்கு வந்தபோது நான் போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. வாத்தியார் தள்ளிப்போ என்று கத்தினார். பாராங் வைத்திருந்தவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் புல்வெட்டுப் பெண்கள் பள்ளிக் குழாயில் தண்ணீர் குடிக்க வந்தார்கள். தினமும் அந்த நேரத்துக்கு வருவார்கள். எட்டுப் பேர், தோளில் சங்குல், தலையில் துண்டு. முன்னால் அம்மா. தண்ணீர் குடிக்காமல் நேராகக் கெபுனுக்கு வந்தாள்.

“என்னாங்க வாத்தியாரையா இது?”

“ஒங்க பொண்ணு செய்யிற வேலையப் பாருங்க. சொன்னதக் கேக்கமாட்டேங்குது. மூணு வாரமா நிக்கிது, ஒரு கோடு எழுத மாட்டேங்குது.”

அம்மா சங்குலைத் தரையில் ஊன்றினாள்.

“கோடு இல்லைங்க.”

“என்னா?”

“அணிலுக்கு முதுகுல கோடு இல்லைங்க. புள்ள சொன்னதுலேர்ந்து நானும் பாக்குறேன். நேத்து மூணு பாத்தேன், முந்தாநேத்து ஒண்ணு. இவங்களும்தான் பாத்தாங்க.” பின்னால் நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். “பக்கத்துல ரெண்டு கோடு. வயிறு செவப்பு.”

வாத்தியார் சிரித்தார். “ஒங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?”

“தெரியாதுங்க. அணிலத் தெரியும்.”

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. இன்றைக்கும் என் காதில் இருப்பது அந்தச் சாதாரணக் குரல்தான். கடையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

“தப்பு செஞ்சா அடிங்க, வேண்டாங்கல. ஆனா வெளிய நிக்க வைக்காதீங்க. படிக்கத்தான் அனுப்பிச்சேன். நின்னுகிட்டுக் கெடக்குறதுக்கு எங்கிட்டயே எடம் இருக்கு.”

எட்டுச் சங்குல்களும் அங்கேயே நின்றன. வாத்தியார் பையன்களைப் பார்த்து, “போதும், உள்ள போங்க,” என்றார். என்னைப் பார்க்காமல், “நீயும்தான்,” என்றார். செர்ரி மரம் பிழைத்தது. மற்றதெல்லாம் போனது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நோட்டில் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் உட்கார வைத்தார், அங்கே சன்னல் இல்லை. அந்த வருடம் முழுக்க என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பால்மரங்கள் துளிர்த்துப் பூத்ததும் தோட்டம் முழுக்க அந்த இனிப்பு வாசம் வந்தது. பறவைகள் பிரிந்து போய்விட்டன. அரைவாலனை நான் மறுபடி பார்க்கவில்லை. அம்மா மட்டும் அப்பாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், புல்வெட்டுக்கு இவள் வரமாட்டாள் என்று. ஆறாம் வகுப்பு முடிந்ததும் டவுன் ஸ்கூலுக்குப் போகிற லுக்குட் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து என் தம்பி ஐந்தாம் வகுப்புக்கு வந்தான். அவன் நோட்டிலும் அதே தலைப்பு, அதே மூன்று கோடு. பக்கத்தில் பெரிய ‘சரி’ போட்டிருந்தது. அவனும் கெபுன் பக்கத்திலேயேதான் விளையாடினான்.

வாத்தியாரை அப்புறம் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். நான் போர்டிக்சன் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலம். லுக்குட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தமிழ் முஸ்லிம் நடத்துகிற மாமாக் கடையில் டீ குடிக்கப் போனேன். ஓரத்து மேசையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியிருந்தது. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் போய் நின்று யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். சொல்வதற்குள் அவரே கையைக் காட்டி உட்காரச் சொன்னார். என் வேலையைக் கேட்டார், அம்மாவைக் கேட்டார். அம்மா இறந்துவிட்டதைச் சொன்னேன். டீ வந்தது. ரொம்ப நேரம் கிளாஸைச் சுற்றிவிட்டு அவர் சொன்னார்:

“எனக்குத் தெரியும்மா.”

“என்னா சார்?”

“கோடு இல்லன்னு. அன்னைக்கே தெரியும். ஒன்ன அடிச்ச அன்னைக்குச் சாயங்காலம் நீங்கள்ளாம் போனதுக்கப்பறம் போய்ப் பாத்தேன். செர்ரி மரத்துல இருந்துச்சு.”

என் கிளாஸைக் கீழே வைத்தேன்.

“ஒனக்குச் சரின்னு போட்டா மத்த புள்ளைங்க அத்தன பேருக்கும் தப்புன்னு போட்டிருக்கணும். எனக்கும் சேத்து. நான் பொறந்ததும் ரெம்பாவ் பக்கம் தோட்டத்துலதான். ஊருக்குப் போற கப்பலக்கூடப் பாத்ததில்ல. எங்கப்பா சொன்ன அணிலு அது. அவரு ஊரு அணிலு. அதத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். அத தப்புன்னு சொல்ல மனசு வரல.”

அவர் சொன்னது பொய்யில்லை. பின்னால் நான் தமிழ்நாட்டுக்குப் போனபோது ஒரு கோயில் மதிலில் அந்த அணிலைப் பார்த்தேன். முதுகில் மூன்று கோடு, சுத்தமாக இருந்தது. அவர் அப்பா சொன்னது சரி. நான் எழுதினதும் சரி. இரண்டுக்கும் இடம் விட ஒரு வரி போதும், அதை எழுத அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு ஜம்பு மரமும் என் மூன்று வாரமும் போனது. அம்மா மட்டும் அந்த நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க வராமல் இருந்திருந்தால் என் படிப்பும் போயிருக்கும்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் ‘பரவால்ல சார், அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்’ என்று சொல்வதுதான் நம் வழக்கம். நீங்கள் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள். மலருக்கு நீங்கள் கேட்பதும் அந்த வரியைத்தான்.

“மறுநாள் கிளாஸ்ல சொல்லியிருக்கலாம் சார்,” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். வெளியே பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. நான் எழுந்து இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டேன். எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்குக் கும்பிட்டேன். மற்றதற்கு இல்லை.